ராமானுஜனின் அம்மாவும் அப்பாவும்



டிசம்பர் 22 தேசிய கணித நாள். அன்று யாருடைய பிறந்தநாள் என்று கேட்டால் நம் குடியிருப்பில் நாலாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகூட ராமானுஜன் என்று சொல்லிவிடும். 1729 என்ற டாக்ஸி எண் கதையும் பலருக்குத் தெரியும். அவர் பிறந்தது கும்பகோணத்தில் அல்ல, திருப்பூரிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஈரோட்டில் என்பது சிலருக்குத்தான் தெரியும். அவருடைய அப்பா ஒரு ஜவுளிக்கடைக் குமாஸ்தா என்பதோ, அவருடைய மனைவி பிற்காலத்தில் தையல் மெஷினை நம்பிப் பிழைத்தார் என்பதோ இன்னும் குறைவான பேருக்குத்தான் தெரியும். துணியோடு இவ்வளவு சம்பந்தமுள்ள ஒரு குடும்பத்தைப் பற்றித் திருப்பூர்க்காரர்களாகிய நாம் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா?

ராமானுஜனின் கணிதத்தை விளக்குவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அரையாண்டு மார்க் வந்து வீட்டுக்கு வீடு பேச்சு நடக்கிற நேரம் இது. அதனால் அவருடைய வாழ்க்கையை வேறு பக்கத்திலிருந்து, அவருடைய வீட்டுக்குள் இருந்து பார்க்கலாம். அந்த அம்மாவும் அப்பாவும் மகன் படிப்புக்கு என்ன செய்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை, எது வேறொருவரைக் காயப்படுத்தியது என்று பார்ப்போம்.

ஜவுளிக்கடைக் குமாஸ்தாவின் வீடு

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22. தாய் கோமளத்தம்மாள் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய தகப்பனார் ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக வேலை பார்த்தவர். குழந்தைக்கு ஒரு வயதானதும் தாயும் மகனும் கும்பகோணத்துக்குத் திரும்பினார்கள். சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஓடு வேய்ந்த, திண்ணை வைத்த சிறிய வீடு அவர்களுடையது.

தகப்பனார் சீனிவாச அய்யங்கார் சேலை விற்கும் கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். காலை எட்டு, ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனால் வீடு திரும்ப இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் தினமும் ஒன்றரை ஷிப்ட். துணியைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்வதில் கெட்டிக்காரர். ஆனால் மகன் விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருக்க முடியாத அப்பா. பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் எத்தனையோ அப்பாக்களின் நிலைமை இன்றும் இதுதான். அவர் பிள்ளையின் மேல் அக்கறை இல்லாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்தச் சம்பளம்தான் வீட்டை நடத்தியது. ஆனால் பிள்ளையின் படிப்பு முழுவதும் தாயின் கைக்குப் போய்விட்டது.

குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது பெரியம்மை வந்தது. அந்த வருடம் தஞ்சை மாவட்டத்தில் அம்மை பலரை வாரிக்கொண்டு போனது. ராமானுஜன் பிழைத்தார், முகத்தில் தழும்பு மட்டும் கடைசிவரை இருந்தது. அவருக்குப் பிறகு பிறந்த மூன்று குழந்தைகள் ஒரு வயதைக்கூடத் தாண்டாமல் போய்விட்டன. அடுத்த தம்பி பிறந்து நிலைத்தபோது ராமானுஜனுக்குப் பத்து வயது ஆகிவிட்டது. தங்கிய ஒரே பிள்ளை என்று அந்தத் தாய் மகனைப் பொத்திப் பொத்தி வளர்த்ததில் வியப்பு என்ன இருக்கிறது?

மூன்று வயதுவரை ராமானுஜன் சரியாகப் பேசவே இல்லை. வீட்டில் பயந்துபோனார்கள். அப்போது காஞ்சிபுரத்தில் இருந்த தாத்தாவிடம் குழந்தையை அழைத்துப்போனார் கோமளத்தம்மாள். தாத்தா அரிசியைப் பரப்பி, பேரனின் விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக எழுதவைத்து, அதன் ஒலியைச் சொல்லவைத்தார். பேச்சும் எழுத்தும் சேர்ந்தே வந்தன. படிப்பில் அந்தக் குடும்பம் காட்டிய முதல் அக்கறை அந்த அரிசித் தட்டுதான்.

பள்ளிக்குப் போக மறுத்த பிள்ளை

ஐந்து வயது நிறைவதற்கு முன்பே, 1892 அக்டோபரில், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அதன்பிறகு குடும்பச் சூழ்நிலையால் காஞ்சிபுரம், கும்பகோணம், சென்னை என்று பள்ளிகள் மாறிக்கொண்டே இருந்தன. சென்னையில் அம்மாவழித் தாத்தா பாட்டி வீட்டில் இருந்தபோது பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். ஒரு போலீஸ்காரரை விட்டு மிரட்டிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய நிலைமை வந்தது. ஆறு மாதத்தில் மறுபடி கும்பகோணம் வந்துவிட்டார்.

அங்கே, அம்மாவின் பக்கத்தில், பிள்ளை மாறிவிட்டது. காங்கயன் ஆரம்பப் பள்ளியில் படித்து 1897 நவம்பரில் ஆரம்பப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். கணக்கில் மட்டும் அல்ல, ஆங்கிலம், தமிழ், புவியியல் எல்லாவற்றிலும் நல்ல மார்க். அடுத்த ஜனவரியில் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது அரைச் சம்பளச் சலுகையும் கிடைத்தது.

ஆக, பள்ளிக்கூடத்துக்குப் பயந்து ஓடிய அதே பிள்ளைதான் மாவட்டத்தில் முதலாவதாக வந்தது. இடம் மாறி மாறிப் போன ஒரு பிள்ளைக்கு வேரூன்ற ஓர் இடமும், வீட்டில் ஓர் ஆளும் தேவைப்பட்டது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புக்காகத் திருப்பூர் வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளை நாம் தினமும் பார்க்கிறோம். நடுவருடத்தில் ஊர் மாறி, பாஷை மாறி, வகுப்பு மாறி உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகள் முதலில் சரியாகப் படிக்காவிட்டால் அது மக்கு என்பதற்கு அடையாளம் இல்லை.

ஆடுபுலி ஆட்டமும் வாடகைக்கு வந்த மாணவர்களும்

கோமளத்தம்மாள் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. ஆனால் விவரமானவர், பிடிவாதக்காரர். கோயிலில் பஜனை பாடிச் சில ரூபாய் சம்பாதித்தார். மகனுக்குப் புராணக் கதைகளும் பாட்டும் பூஜையும் சொல்லிக்கொடுத்தார். இருவரும் உட்கார்ந்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஒரு காயை நகர்த்துவதற்கு முன் அடுத்த நாலு நகர்த்தலை யோசிக்க வேண்டிய ஆட்டம் அது. கணிதத்தில் உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த ஒருவருக்கு வீட்டில் கிடைத்த பயிற்சி, தரையில் கட்டம் போட்டு அம்மாவோடு ஆடிய இந்த ஆட்டம்.

வருமானம் போதாததால் கோமளத்தம்மாள் இன்னொரு காரியமும் செய்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படிக்கும் வெளியூர் மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். திருநெல்வேலிப் பக்கம், திருச்சிப் பக்கம் என்று வந்த பையன்கள். நோக்கம் கூடுதல் வருமானம்தான். ஆனால் அதில் மகனுக்குக் கிடைத்தது பணத்தை விடப் பெரியது. அந்த மாணவர்கள் சிறுவனின் ஆர்வத்தைப் பார்த்துத் தங்களுக்குத் தெரிந்த கணக்கைச் சொல்லிக்கொடுத்தார்கள். பதினொரு வயதுக்குள் அவர்களிடம் இருந்ததையெல்லாம் வாங்கி முடித்துவிட்டார் ராமானுஜன். லோனி எழுதிய கோணவியல் புத்தகத்தை இரவல் வாங்கிப் பதின்மூன்று வயதில் கரைத்துக் குடித்தார். பதினாறு வயது வாக்கில் கார் என்பவர் தொகுத்த பெரிய சூத்திரப் புத்தகம் கல்லூரி நூலகத்திலிருந்து கைக்கு வந்தது. சுமார் 5000 முடிவுகள், பெரும்பாலும் விளக்கம் இல்லாமல் வரிசையாக அடுக்கப்பட்ட புத்தகம். ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்க உட்கார்ந்தார். காகிதம் வாங்கக் காசு இல்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையாலேயே அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார்.

பள்ளியும் அவரை அடையாளம் கண்டது. சுமார் 1200 மாணவர்களும் 35 ஆசிரியர்களும் இருந்த அந்தப் பள்ளிக்கு வகுப்பு வாரியாக நேர அட்டவணை போடும் வேலையைக் கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் இவரிடமே கொடுத்தார். 1904-இல் பள்ளிப் படிப்பு முடிந்தபோது கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு கிடைத்தது. தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி அய்யர், முழு மார்க்குக்கும் மேலே கொடுக்க வேண்டிய மாணவன் இவன் என்று மேடையிலேயே பாராட்டினார்.

பிரின்ஸ்பாலைப் பார்க்கப் போன அம்மா

உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். இங்கேதான் வண்டி தடம் புரண்டது. கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்கப் பிடிக்கவில்லை. வரலாற்று வகுப்பிலும் கணக்கு, உடலியல் வகுப்பிலும் கணக்கு. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார். உதவித்தொகை போயிற்று. ஒரு பருவத்துக்குச் சம்பளம் 32 ரூபாய். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேலே.

கோமளத்தம்மாள் சும்மா இருக்கவில்லை. கல்லூரிக்கே போய் முதல்வரைப் பார்த்தார். கணக்கில் இணையே இல்லாத தன் மகனுக்கு எப்படி உதவித்தொகையை நிறுத்தலாம் என்று கேட்டார். முதல்வர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார், ஆனால் விதியைத் தளர்த்தவில்லை. 1905-ஆம் ஆண்டில், ஆங்கிலம் தெரியாத ஒரு குமாஸ்தாவின் மனைவி தனியாகக் கல்லூரி வாசலேறிக் கேள்வி கேட்டது லேசான காரியம் இல்லை.

அந்தக் கேள்வி நியாயமா? பாதி நியாயம். ஒரு பாடத்தில் மலையளவு திறமை இருக்கும் மாணவனுக்கு இடம் கொடுக்க அன்றைய கல்லூரி முறையில் வழி இல்லை. ஆனால் மகன் மற்ற பாடங்களைத் தொடவே இல்லை என்பதும் உண்மை. அதை அந்தத் தாய் எவ்வளவு தூரம் அறிந்திருந்தார் என்பது சந்தேகம்தான். பள்ளி நடவடிக்கை எடுத்த பிறகு போய்ச் சண்டை போடுவது ஒரு வகை. மாதம் ஒருமுறை போய் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொள்வது இன்னொரு வகை. கோமளத்தம்மாளுக்கு இரண்டாவது வழி அன்று திறந்திருக்கவில்லை. நமக்குத் திறந்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். தனியார் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் இருக்கிறது. ஷிப்மென்ட் அவசரத்தில் அந்த நாளைத் தவறவிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

காணாமல் போன மகன்

உதவித்தொகை போன அவமானத்தில் 1905 ஆகஸ்டில், பதினேழு வயதில், யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறி விசாகப்பட்டினம் போய்விட்டார் ராமானுஜன். வீட்டில் பதறிப்போனார்கள். காணவில்லை என்று பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தார்கள். இரவு பகலாகக் கடையில் நின்ற அப்பா வேலையைப் போட்டுவிட்டுத் திருச்சியிலும் சென்னையிலும் தேடி அலைந்தார். அடுத்த மாதம் பிள்ளை வீடு வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். மாவட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளை, பரிசு வாங்கிய பிள்ளை, எல்லாரும் மெச்சிய பிள்ளை. தோல்வி என்பது இன்னதென்று அதற்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. அதனால்தான் முதல் தோல்வியில் வீட்டுக்கு முகம் காட்ட முடியாமல் ஓடியது. நன்றாகப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கவலை இல்லை என்று நாம் நினைக்கிறோம். அந்தப் பிள்ளைக்குத்தான் தோற்றாலும் வீட்டுக்கு வரலாம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி ஒரு வாய்ப்பு. கணிதத் தாளைக் குறித்த நேரத்துக்கு வெகுமுன்பே முடித்துவிடுவார். உடலியல் தாளில் பத்து சதவீதம்கூட வராது. எஃப்.ஏ. தேர்வில் அந்த வருடமும் தோல்வி, 1907-இலும் தோல்வி. பட்டம் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

திண்ணையில் கழிந்த வருடங்கள்

அடுத்த இரண்டு வருடம் ராமானுஜன் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். டியூஷன் எடுத்துப் பார்த்தார். பாடத்தில் தொடங்கி எங்கோ போய்விடுவார், மாணவனுக்குப் பரீட்சைக்கு வேண்டியது கிடைக்காது. ஆகவே டியூஷனும் நிலைக்கவில்லை. சன்னதித் தெருத் திண்ணையில் காலை மடக்கி உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார். தெருவில் போகிறவர்கள் இருபது வயதுப் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். கையிலிருந்த வேலை தடைப்படக் கூடாது என்று சாப்பாட்டு நேரத்தில் அம்மாவோ பாட்டியோ சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் வைப்பார்களாம்.

புகழ்பெற்ற அவருடைய நோட்டுப் புத்தகங்களில் பெரும்பகுதி நிரம்பியது இந்த வருடங்களில்தான். 20 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு வேலையில்லாத மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டு, அவன் என்ன எழுதுகிறான் என்று ஒரு வரிகூடப் புரியாமல், அந்தப் பெற்றோர் பொறுத்துக்கொண்டார்கள். இதையும் பெற்றோரின் பங்கு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இதை யாரும் பாடமாக எடுத்துக்கொண்டு, ஒரே பாடத்தைப் படித்தால் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டாம். அவரைக் கண்டெடுத்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியே, இந்த இளம் வயதில் வழிகாட்ட ஆளில்லாமல் கழிந்த ஐந்து வருடங்கள்தான் ராமானுஜன் வாழ்க்கையின் உண்மையான சோகம் என்று கருதினார். பெற்றோரின் பொறுமை வீட்டுக்குள் அவரைக் காப்பாற்றியது. வெளியே அழைத்துப்போக ஒரு கை தேவைப்பட்டது. அது சில வருடம் தாமதமாகத்தான் வந்தது.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. மகனுக்குப் பொறுப்பு வரட்டும் என்று கோமளத்தம்மாள் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தார். இன்றைய கரூர் மாவட்டத்தின் குளித்தலைப் பக்கம் ராஜேந்திரம் என்ற ஊரில் ஜானகி என்ற பத்து வயதுச் சிறுமி. 1909 ஜூலை 14-இல் கல்யாணம் நடந்தது. தன்னைக் கலந்துகொள்ளாமல் முடித்ததாலோ என்னவோ, அப்பா கல்யாணத்துக்கே போகவில்லை.

வெளியே இருந்து நீண்ட கைகள்

கல்யாணத்துக்குப் பிறகு வேலை தேடிப் புறப்பட்டார். 1910-இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி அய்யரைப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டைப் புரட்டியதும் இந்தத் திறமையைத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலையில் முடக்கக் கூடாது என்று முடிவுசெய்து, சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். அவர் தன் சொந்தப் பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச் 1-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரி நாராயண அய்யர் தினமும் இவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1913 ஜனவரி 16-இல் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. அதே வருடம் மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் வாங்காத ஒருவருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகை அது.

கேம்பிரிட்ஜ் அழைத்தது. ஆனால் கடல் தாண்டினால் சாதியை விட்டு விலக்கிவிடுவார்கள் என்ற காலம். கோமளத்தம்மாள் மறுத்தார், மகனும் மறுத்தார். பிறகு குடும்ப தெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயாரே கனவில் வந்து, மகனின் வழியில் நிற்காதே என்று தாய்க்குச் சொன்னதாகக் குடும்பத்தில் சொல்வார்கள். கனவை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அவரவர் நம்பிக்கை. ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தை மீறி ஒரு தாய் மகனை அனுப்பச் சம்மதித்தார் என்பது மட்டும் நடந்த உண்மை. 1914 மார்ச் 17-இல் கப்பல் புறப்பட்டது. குடுமி வெட்டிய மகனைப் பார்த்தால் அம்மா தாங்கமாட்டார் என்று அதற்கு முன்பே அம்மாவையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றிவிட்டார் ராமானுஜன்.

வராத கடிதங்கள்

இங்கிலாந்தில் ஐந்து வருடம். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை, அதில் 50 பவுன் வீட்டுக்கு. உலகப் போர் தொடங்கிவிட்டது. சைவச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம், குளிர், தனிமை. தானே சமைத்து, வேளை தவறிச் சாப்பிட்டு, இரவெல்லாம் கணக்குப் போட்டு உடம்பு கெட்டது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. கோமளத்தம்மாளுக்கும் மருமகள் ஜானகிக்கும் ஒத்துப்போகவில்லை. கணவருக்கு ஜானகி எழுதிய கடிதங்களும், கணவர் ஜானகிக்கு எழுதியவையும் மாமியாரின் கையில் சிக்கி நின்றுபோயின. ஏன் மனைவியிடமிருந்து கடிதமே வரவில்லை என்று அவர் அங்கே தவித்தார். பதின்வயதுப் பெண்ணான ஜானகி இங்கே தவித்தார். கடைசியில் கராச்சியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மகனுக்காக எதையும் செய்த அதே தாய்தான் இதையும் செய்தார். பிள்ளை வளர்ந்த பிறகும் அவன் வாழ்க்கை முழுவதும் தன் கைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற பிடி அது. நோயும் தனிமையும் மனச்சோர்வும் சேர்ந்து 1918-இன் தொடக்கத்தில் ராமானுஜன் லண்டனில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார். அதே வருடம்தான் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்ற பெரிய கௌரவமும், டிரினிட்டி கல்லூரி ஃபெலோ என்ற கௌரவமும் வந்தன. வெளியே உலகம் மாலை போட்ட நேரத்தில் உள்ளே அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதை ஊரில் இருந்த குடும்பம் அறியவில்லை. ஹாஸ்டலில் பிள்ளைகளை விட்டிருக்கும் பெற்றோர், நல்ல மார்க் வருகிறதே என்று மட்டும் இருந்துவிடக் கூடாது. (மனம் தளர்ந்த மாணவர்களும் பெற்றோரும் 104 அல்லது 14416 என்ற இலவச எண்களில் எந்த நேரமும் பேசலாம்.)

கொடுமுடியில் ஒரு கோடை

1919 மார்ச் 27-இல் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியபோது அம்மாவும் தம்பியும் வந்திருந்தார்கள். ராமானுஜன் முதலில் தேடியது ஜானகியை. சென்னையில்தான் மனைவி வந்து சேர்ந்தார். வெயிலுக்கு ஒதுங்க எங்கே போவது என்று யோசித்து, பிறந்த ஊருக்குப் பக்கத்தில் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடிக்குப் போனார்கள். நம்மில் பலர் கோயிலுக்கும் பரிகாரத்துக்கும் போய்வரும் அதே கொடுமுடிதான். அங்கே ஆவணி அவிட்டத்தன்று ஆற்றுக்குப் போகும்போது ஜானகியும் கூட வரட்டும் என்றார் ராமானுஜன். அம்மா வேண்டாம் என்றார். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. முப்பத்தொரு வயதில் அம்மாவின் சொல்லை அவர் மறுத்த இடம் நம் கொங்கு நாட்டுக் காவிரிக்கரை.

அதன்பிறகு ஜானகிதான் கடைசிவரை அவரைக் கவனித்தார். ஒத்தடம் கொடுத்தார், வேளைக்கு உணவு கொடுத்தார், எழுதி முடித்த தாள்களைப் பெட்டியில் எடுத்து வைத்தார். படுக்கையில் இருந்தபடியே சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ராமானுஜன் 1920 ஏப்ரல் 26-இல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

ஜானகியம்மாளுக்கு அப்போது 21 வயது. பிள்ளை இல்லை, படிப்பும் இல்லை. பல்கலைக்கழகம் கொடுத்த மாதம் 20 ரூபாய்தான் ஆதாரம். பம்பாயில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்த் தையலும் கொஞ்சம் ஆங்கிலமும் கற்றார். சில வருடங்களில் சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் துணி தைத்தும் மற்றப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தும் சொந்தக் காலில் நின்றார். பின்னாளில் ஒரு சிறுவனை எடுத்து வளர்த்து, படிக்கவைத்து, ஆளாக்கினார். 1994-இல் தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். யாரும் படிக்கவைக்காத ஒரு பெண், தையல் மெஷின் மிதித்து இன்னொருவர் பிள்ளையைப் படிக்கவைத்தார். பவர் டேபிளில் உட்கார்ந்து பிள்ளைகளைக் காலேஜ் படிக்கவைக்கும் நம் ஊர் அக்காமார்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியது

இந்த வீட்டின் கதையில் பெற்றோர் செய்த எது பிள்ளைக்கு உதவியது என்று திரும்பிப் பார்த்தால், அதில் பணம் செலவழித்தது எதுவும் இல்லை. அரிசியில் விரல் பிடித்து எழுதவைத்தது, உட்கார்ந்து ஆடுபுலி ஆட்டம் ஆடியது, மூத்த மாணவர்கள் வீட்டில் இருந்தது, தோற்றபோது சோறு போட்டது, கடைசியில் பிடியை விட்டு அனுப்பியது, இவ்வளவுதான். கெடுத்தவையும் தெரிகிறது. எங்கே சறுக்குகிறது என்று நேரத்தில் தெரிந்துகொள்ளாதது, பத்து வயதுப் பெண்ணைப் படிக்கவைக்காமல் கல்யாணம் செய்தது, கடிதங்களை மறைத்தது.

நம் குடியிருப்பில் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். செக்யூரிட்டி அண்ணன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஆகியோரின் பிள்ளைகளும் மாலையில் இங்கேதான் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலை சங்க அறையைத் திறந்து வைத்து, பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால், கோமளத்தம்மாள் வீட்டில் தானாக நடந்தது இங்கே திட்டமிட்டு நடக்கும். டியூஷன் மாதிரி இல்லாமல், ஒரு சதுரங்கப் பலகை, பழைய பாடப்புத்தகங்கள், ஒரு கரும்பலகை இருந்தால் போதும். அடுத்த பொதுக்குழுவில் பேசிப் பார்க்கலாம்.

விடுமுறையில் கும்பகோணம் போகிறவர்கள் சாரங்கபாணி கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே சன்னதித் தெருவில் இருக்கும் ராமானுஜன் வீட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை நினைவில்லமாகப் பராமரித்து வருகிறது. உள்ளே நுழைந்ததும் அது எவ்வளவு சின்ன வீடு என்பதுதான் முதலில் கண்ணில் படும்.

ஒரு செய்தி சொல்லி முடிக்கலாம். 1919 ஜனவரியில், உடம்பு முற்றிலும் தளர்ந்திருந்த நிலையில், சென்னைப் பல்கலைக்கழகம் அறிவித்த 250 பவுன் உதவித்தொகைக்கு நன்றி சொல்லி ராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தன் அவசியச் செலவும் போக மீதமாகும் பணத்தை ஏழைப் பிள்ளைகளுக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகம் வாங்கவும் பயன்படுத்தும்படி அதில் கேட்டுக்கொண்டார். 32 ரூபாய்ச் சம்பளம் கட்ட முடியாமல் படிப்பு நின்றது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நம் வீட்டில் சும்மா கிடக்கும் புத்தகமும் நோட்டும் பையும் யாருக்குத் தேவைப்படும் என்று இப்போதே யோசித்து வைப்போம்.